உப்புவெளியில் ஒரு வெளியூர்க்காரன்

மதுசனின் வீடு நிலாவெளியில். வேலை செய்யும் ஹோட்டல் உப்புவெளியில். பஸ்ஸில் இருபது நிமிடம். ஆனால் ஹோட்டல் பதிவில் அவன் ஹிக்கடுவைக்காரன்.

இந்தக் கூத்துக்குக் காரணம் கரைவலை, கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய மீன்வலை. கயிறு பிடித்து இழுத்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வலை இழுக்க வரச்சொல்லிக் கரையில் கூக்குரல் கேட்க, ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த ஐந்து பேரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அன்றோடு முகாமையாளர் அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அவரை முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஊரிலே வேலை இருந்தும் ஊரவனுக்கு இல்லையென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வேறு வழியில்லாமல் மதுசன் தெற்கே ஹிக்கடுவைக்குப் போனான். நான்கு வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்கு நின்றான். சிங்களம் தண்ணீர்பட்ட பாடாயிற்று. மகள் மட்டும், லீவில் வந்த அவனைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பிள்ளைக்கே உங்களைத் தெரியேல்லை. இனி அங்க போகவேண்டாம்," என்றாள் மனைவி கௌசிகா.

ஹிக்கடுவை ஹோட்டலில் கொடுத்த வேலைக் கடிதத்தோடு அவன் உப்புவெளிக்குப் போனான். முகாமையாளர் கடிதத்தைப் பார்த்தார்; முகவரி பார்க்க அடையாள அட்டையைப் புரட்டவில்லை. பரிமாறும் வேலையும், வெளியூர்க்காரன் என்று தங்க அறையும் கொடுத்தார். இந்தப் பொய் மதுசனின் வீட்டாருக்கு மட்டும் தெரியும். கிழமைக்கு ஒருநாள் லீவில் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் கிழமை மகள் மடியில் ஏறினாள்.

போன ஆவணியில் உப்புவெளியில் கரைவலை முதலாளியான சம்மாட்டிக்கு வலை இழுக்க ஆள் கிடைக்கவில்லை. இளந்தாரிகள் எல்லாம் கொழும்பில். நிலாவெளியில் எஞ்சியிருந்த வயதானவர்களை அவர் ட்ரக்டரில் ஏற்றிவந்தார். மதுசனின் அப்பா தம்பிராசாவும் வந்தார்.

வலை கனத்தது. கயிறு அசையவில்லை. தம்பிராசா ஹோட்டல் வேலியடிக்கு ஓடிவந்தார்.

"ஆக்கள் காணாது! ஒருக்கா கை குடுங்கோ!"

மதுசன் தட்டங்களை மேசையில் வைத்தான். கால் தானாகவே மணலில் இறங்கிவிட்டது.

"எங்கே போகிறாய்? நீ இந்த ஊர்க்காரனா?" என்று முகாமையாளர் பின்னாலிருந்து சிங்களத்தில் கேட்டார்.

தம்பிராசா அப்போதுதான் மகனைக் கண்டார். கேள்வியும் அவருக்கு விளங்கியது. முகாமையாளரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்:

"அந்தத் தம்பியை விடுங்கோ ஐயா. வெளியூர்ப் பிள்ளை போல கிடக்கு. அவருக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது."

பத்து வயதில் மதுசனுக்குக் கயிறு பிடிக்கப் பழக்கியவர் அவர்தான். மதுசன் மணலிலிருந்து காலை எடுத்தான். தட்டங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அப்பா திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.