வறுத்த பயறு

என் தம்பி கணக்கில் புலி. வடக்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன், விடுதி அறையைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான் என்று போன் வந்தது. நான்தான் போய் ரயிலில் கூட்டி வந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து சிலர் தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். டாக்டர் கொடுத்த மாத்திரையில் திட்டு நின்றது, கூடவே கணக்கும் நின்றது. வெள்ளைத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பான்.

அம்மாவுக்கு மாத்திரைமேல்தான் கோபம். தினமும் கொடுப்பாள், விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள், பிறகு மாத்திரையைத் திட்டுவாள். ஒருமுறை அவளாகவே நிறுத்தினாள். அந்த வாரம் தம்பி காதைப் பொத்திக்கொண்டு ரயில் பாதையில் போய் நின்றான். அதற்குப் பிறகும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

திருப்புட்குழிப் பெருமாள் கோயில் தாயாரிடம் பிள்ளை வரம் கேட்பவர்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் வரம் கிடைத்த மாதிரி. அறுபது தாண்டிய அம்மா, சிவன் கோயிலைத் தவிர வேறு படி ஏறாதவள், பயறு வறுக்க உட்கார்ந்தாள்.

"இந்த வயசுல இன்னொண்ணு பெக்கப் போறியாம்மா?" என்றேன்.

"பெத்ததையே திருப்பிக் கேக்கப் போறேன். முளைச்சிருந்தா அந்த மாத்திரைய கடாசிடுவேன்."

சொன்னால் செய்வாள். அதனால்தான் பயந்தேன். பயறு நிறம் மாறுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாள், தாயாரிடமே கள்ளாட்டம். கோயிலுக்குப் போய் வந்து, மடியில் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்தாள்.

காலையில், குளித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று முடிச்சைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் காபி கலந்துகொண்டு வந்தபோது தம்பி முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தான். ஏழெட்டுப் பயறில் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. முளைத்ததாகப் பார்த்துப் பொறுக்கி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"இத பாத்தா அம்மா மாத்திரைய நிறுத்திடும்க்கா. நிறுத்தினா கணக்கு வரும்." இன்னொரு முளையைப் பொறுக்கி வாயில் போட்டான். "திட்டுறவங்களும் வருவாங்க."

கணக்கு என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. மிச்சத்தை முன்பிருந்தபடியே முடிந்து வைத்தான்.

அம்மா ஈரத் தலையோடு வந்து பிரித்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மாடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள்.

"வறுத்தது எப்பிடிம்மா முளைக்கும்?" என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். அம்மா மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கம்போல வாயைத் திறந்து காட்டினான். பல்லிடுக்கில் பயற்றின் பச்சைத் தோல் ஒட்டியிருந்தது. அழுதுகொண்டிருந்ததில் அம்மா அதைப் பார்க்கவில்லை.