உஷ் அக்காவின் நோட்டு

உஷ் அக்கா சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். கைக்கடிகாரம் ஏற்கெனவே கழன்று டப்பாவுக்குள் போய்விட்டது. செருப்பு கதவுக்கு வெளியே. தும்முவதென்றால் இப்போதே தும்மிவிட வேண்டும், உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. நடுவில் ஒரு சுண்டெலி மயக்கத்தில் கிடக்கிறது.

கேட்கும் திறனை ஆராயும் அந்தக் கூடத்தில் அக்கா பதினேழு வருடமாக டெக்னீஷியன். பார்க்கிறவர்களையெல்லாம் "உஷ்" என்று அடக்குவதால் வந்த பட்டம் இது. எதிர்வீட்டுக்காரனான என்னை மாடிப்படியிலேயே இரண்டு முறை அடக்கியிருக்கிறார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் கூட்டிப்போய் வேலையைக் காட்டினார்.

"எலிக்கு 'பீப்'னு ஒரு சத்தம் குடுப்போம். காதுலேர்ந்து வர்ற சத்தமெல்லாம் நடுமூளையில ஒரு எடத்துல வந்து சேரும். அங்க முடி மாதிரி ஊசி வெச்சிருக்கோம். அங்க இருக்கற மூளைச் செல்லு பதில் சொல்றது ஹெட்போன்ல டக்டக்னு கேக்கும். அப்புறம் பக்கத்துல டோபமின்னு ஒரு மூளை ரசாயனம், அத துளியூண்டு விடுவோம். நெறைய செல்லு அடங்கிடும். சிலது முன்னவிட ஜாஸ்தியா கத்தும்."

டோபமின் என்றால் சந்தோஷம் தருவதாயிற்றே என்று, போனில் படித்த ஞானத்தை அவிழ்த்துவிட்டேன்.

"கிழிஞ்சுது போங்க. அது எத்தனையோ வேலை பாக்குது."

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆயுசெல்லாம் ஹாரன் அடித்த மனிதர் இவருக்குப் போய் வாய்த்தாரே என்று நான் சிரித்ததுண்டு. மூன்று வருடமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், குரலும் தேய்ந்துவிட்டது. மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுகட்ட மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் அளவைக் கூட்டினார்கள். நடுக்கம் குறைந்தது. அதே வாரம், அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டபோது இரண்டு முறை பதில் வரவில்லை.

"நடுக்கத்த நிறுத்தற மாத்திரை என் குரலையும் சேத்து அடக்கிட்டா நான் என்ன பண்றது?" என்று அக்கா என்னிடமே கேட்டார். எலியிடம் பார்த்ததை மனிதர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்டால்தானே! வீட்டிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டார். மணிக்கு ஒரு தடவை, அடுப்பின் முன் அதே இடத்தில் நின்று, அதே குரலில் "என்னங்க" என்பார். "ம்" என்று பதில் வந்தால் நோட்டில் டிக். வராவிட்டால் பெருக்கல் குறி. பக்கத்தில் மாத்திரை போட்ட நேரம்.

பத்தாம் நாள் நோட்டு டிரைவர் கையில் சிக்கியது. ஏணி இரவல் கேட்கப் போன நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"நான் என்ன ஒன் எலியா?" என்றார் டிரைவர்.

"சத்தமா சொல்லுங்க, கேக்கல."

"அதேதான்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ கூப்ட்டது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் 'ம்'னு சொன்னேன். அங்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதே, அதுல ஒனக்குத்தான் கேக்கல. மூணு வருஷமா நான் பேசறது ஒனக்குக் கேக்கறதில்ல. அதுக்கு எங்க நோட்டு?"

கைக்கடிகாரத்தின் டிக்டிக்கைக்கூட வெளியே கழற்றி வைக்கிற அக்கா, பத்து நாளாக அந்த ஃபேனை அணைக்கவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே கஷ்டமாக இருந்தது.

அக்கா போய் ஃபேனை அணைத்தார். நோட்டையும் பென்சிலையும் டிரைவரின் மடியில் வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

"இப்ப நீங்க கூப்பிடுங்க. எப்பவும் பேசற மாதிரியே. கேட்டா விரலத் தூக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உஷ்."

கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரின் உதடு அசைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அக்காவின் விரல் மேலே போயிற்று.