தறி வீட்டில் கொஞ்சம் கடல்

என் கணவருக்குக் கடைவாய்ப் பல் வலித்ததுதான் தொடக்கம். வேலூரில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தோம். கணவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் காத்திருந்த கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. எங்கள் ஊர் ஆரணியில் கடைகளிலும் வீடுகளிலும் தங்கமீன் தொட்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. உள்ளே பாறைகள். பாறை மேல் விரல் விரலாக ஏதோ அசைந்தது. காற்றே இல்லாத இடத்தில் அது ஏன் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது செடி இல்லை, பவளம், அதற்கு உயிர் உண்டு, உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர் என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள் அந்த விரல்களுக்குள் புகுந்து புகுந்து படுத்தன.

வாயில் பஞ்சோடு வெளியே வந்தவரை இன்னும் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் அவரால் பேச முடியவில்லை. மறுநாள்தான் சொன்னார்.

"உள்ள நான் உயிர் போற வலியில கெடந்தேன். நீ வெளிய மீனப் பாத்து சிரிச்சிகினு இருந்த. கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல அந்த மாதிரி நீ சிரிச்சி நான் பாத்ததில்ல."

கோபமாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அடுத்த வார விடுமுறையில் என்னைச் சென்னை கொளத்தூருக்குக் கூட்டிப்போனார். தெருத்தெருவாக மீன் கடைகள். கடல் மீன் விற்கும் ஒரு கடையில் போய் அந்த ஆரஞ்சு மீன் வேண்டும் என்று கேட்டோம். கடைக்காரர் எங்கள் வயதுதான் இருப்பார். தண்ணீர் தயாராக இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் போர் தண்ணீர் வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு உங்களுக்கு மீன் தர மாட்டேன்க்கா. கோச்சிக்காதீங்க. தண்ணி ரெடி ஆவ ஒன்றரை மாசம் புடிக்கும். அதுக்கப்பறம் வாங்க, நானே நல்ல ஜோடியா எடுத்துத் தர்றேன்."

விற்க மாட்டேன் என்று சொல்லும் வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். மூன்றடித் தொட்டி, காய்ந்த பாறைகள், மணல், ஒரு வாளி கடல் உப்பு, தண்ணீர் சோதிக்கும் சின்னச் சின்ன மருந்து பாட்டில்கள் எல்லாம் கொடுத்து அனுப்பினார். ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும் விளக்கினார். மீன் போடும் கழிவு தண்ணீரில் அமோனியா என்னும் விஷமாகும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேறிய பிறகுதான் மீன் விட வேண்டும். இல்லாவிட்டால் மீன் தன் கழிவாலேயே செத்துப்போகும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் செய்யார் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே பட்டு நெய்கிறேன். பகலெல்லாம் நான் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று தொட்டியைத் தறி அறையில் வைத்தோம். எங்கள் போர் தண்ணீர் சுண்டினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அது ஆகாது என்று குடிக்க வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து உப்பைக் கலக்கினோம். உப்பின் அளவு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். நீலக் கோடு சரியான எண்ணில் வந்து நின்றபோது அவர் விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, மகாபலிபுரம் மாதிரியே இருக்கிறது என்றார்.

பிறகு காத்திருப்பு. தினமும் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டு, நிறத்தைப் போனில் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். அட்டையில் நிறத்துக்கு நேராக எண் போட்டிருக்கும். எனக்கு எண் வாயில் வராது. நேற்று கிளிப்பச்சை, இன்றைக்கு எலுமிச்சையில் லேசாகப் பச்சை ஓடுகிறது என்பேன். அவர் கொஞ்ச நாள் குழம்பினார். அப்புறம் அவரே, கத்தரிப்பூ நிறம் போய் வானநீலம் வந்ததா என்று கேட்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அக்கா தினம் ஒருமுறை எட்டிப் பார்த்து, மீனே இல்லாத தொட்டியை எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பாள்.

ஏழாவது வாரம் மீன்கள் வந்தன. கம்பெனி பஸ்ஸில் பார்த்த எல்லாரிடமும் என் கணவர் போட்டோ காட்டினார். ஒரு மாதம் கழித்து, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன நாலைந்து நத்தைகளும் ஓர் இறாலும் வாங்கினோம். இறாலுக்கு முதுகில் சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை. மீன்களின் உடம்பில் ஒட்டிய அழுக்கைப் பொறுக்கித் தின்னும் இறால் அது. நான் கையை உள்ளே விட்டால் ஏறி வந்து நகக்கண்ணைக் கொறிக்கும். அவர் கை விட்டால் பாறைக்குப் பின்னால் போய்விடும். நெய்கிற கைதான் அதற்குப் பிடிக்கிறது போலும் என்று சொல்லிக்கொண்டு, அவரும் விடாமல் கையை விட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரத்தில் அந்த இறால் செத்துப்போனது. நத்தைகளும் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. மீன்கள் மட்டும் நன்றாக இருந்தன. அன்று நான் தறியில் உட்காரவில்லை.

அந்த வாரம் அவர் விடுமுறையில் தொட்டியின் பின்பக்கத்தைப் பிரித்துக் கழுவினார். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். வந்தபோது பாதித் தண்ணீர் மாறியிருந்தது, தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் இருக்கும் பின்தடுப்பில் கரித்தூள் பை ஒன்று தொங்கியது. வெயில்தான் காரணம், தறி அறையில் ஓட்டுச் சூடு இறங்குகிறது, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். சித்திரை வெயில் என்னையே வதக்கிக்கொண்டிருந்தது. நம்பினேன். தண்ணீரை இறைத்து, மீன்களை வாளியில் வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டுத் தொட்டியை மாற்றினோம்.

நாலைந்து நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். என் கணவர் வேலையில் இருக்கிறார் என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா, அந்த ஜரிகை முழுசா எடுத்தாச்சான்னு கேக்கத்தான். துண்டு எதுனா மணல்ல கெடந்தா இன்னொரு இறால் விட்டாலும் நிக்காது."

எந்த ஜரிகை என்று கேட்டேன். உங்களிடம் சொல்லவில்லையா என்றார். அப்புறம் சொன்னார். என் கணவர் கழுவியபோது மோட்டார் தடுப்புக்குள் பச்சை பூத்த ஜரிகை உருண்டை ஒன்று கிடந்ததாம். இப்போது வரும் ஜரிகையில் உள்ளே செம்புக் கம்பி. உப்புத் தண்ணீரில் செம்பு கரையும். மீன் தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது.

நெய்யும்போது வெட்டுகிற ஜரிகை முனைகளை உருட்டி எங்காவது வைப்பது என் பழக்கம். தொட்டி மூடியின் மேல் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீதான் கொன்னுட்டன்னு தெரிஞ்சா அப்பறம் அதுக்குள்ள கை விடவே மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன."

"அதுக்குன்னு பொய் சொல்வீங்களா?"

"வெயிலு மேல பழி போட்டேன். வெயிலுக்கு இன்னா ஆவப்போவுது?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து என் ஜரிகை முனைகளுக்கு ஒரு மூடி போட்ட டப்பா. கூடத்துக்கு வருவதற்கு முன் முழங்கை வரை கழுவிக்கொள்வேன்.

இரண்டு மாதம் தண்ணீர் மாற்றினோம், செம்பை உறிஞ்சும் கரியை மாற்றினோம். செம்பு இல்லை என்று சோதனை சொன்ன பிறகு கடைக்காரர் இன்னோர் இறால் தந்தார். கூடவே பவளமும். நம் கடல் பவளத்தை எடுப்பது குற்றம், இது தொட்டியிலேயே வெட்டி வளர்த்தது என்று சொல்லிக் கொடுத்தார். கல்லில் ஒட்டிய பச்சைப் பொத்தான்கள் போல இருந்தது. இரண்டு நாள் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு பொத்தானும் விரிந்து, ஓரத்தில் இழை இழையாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அன்று உட்கார்ந்து முழுசாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு நாள் காலை அவர் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு பார்க்கிறேன், மணலில் இறால் மல்லாந்து கிடக்கிறது. மீசை, கால் எல்லாம் அப்படியே, அசைவில்லை. மறுபடியும் நான்தான் என்று நினைத்தேன். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டீ நேரத்தில் அவரே கூப்பிட்டார். இறால் மல்லாந்து கிடக்கிறது என்றேன்.

"எதையும் தொடாத. நான் வந்துகினே இருக்கேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரூட் பஸ் பிடித்து வந்தார். சட்டையை மடித்துவிட்டு வலையில் அதை எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. என் உள்ளங்கையில் வைத்தார். கனமே இல்லை. உள்ளே சதை இல்லை, வெறும் கூடு, கண்ணாடித் தாள் போல. நாங்கள் குனிந்து பார்த்தபோது பாறை இடுக்கிலிருந்து இரண்டு வெள்ளை மீசைகள் வெளியே நீண்டன.

கடைக்காரரைக் கூப்பிட்டோம். வளர்கிற இறால் சட்டை உரிக்கும், நல்ல சேதிதான், புது ஓடு இறுகும் வரை ஒளிந்திருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள் என்றார்.

லீவு வீணாகப் போனதே என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தொட்டி முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மாலையில் நான் தறிக்குப் போன பிறகும், அது வெளியே வந்ததா இல்லையா என்று கூடத்திலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.