ரிங்கின் இடது விளிம்பு

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து என் மனைவி சொல்லி வருகிறாள். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிடுவேனாம். சரியாக இருந்துவிட்டால்தான் "என்ன இன்னைக்கு?" என்று கேட்பேனாம். திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு இந்தப் புத்தி இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்று சுவரில் இறங்கும், இன்னொன்று சுத்தியல் பட்டதும் வளையும். முன்கூட்டியே முறைத்துப் பார்த்து வைப்பது நல்லது.

சாயங்காலம் ஆனால் கடையை மகனிடம் விட்டுவிட்டு, நான் படித்த கல்லூரியின் பாஸ்கெட்பால் மைதானத்துக்குப் போய்விடுவேன். ஊருக்கு வெளியே இருக்கும் சின்னக் கல்லூரி. சிமெண்ட் தரை, இரண்டு போஸ்ட், ஓரத்தில் உட்கார மூன்று படிகள், எதிர்ப்புறம் ஒரு போஸ்டை ஒட்டி ஆண்டு விழா மேடை. அந்தப் படிகளில் நாங்கள் மூன்று பேர் நிரந்தரம். ஒருவர் தோல் மண்டி வைத்திருக்கும் பாய், என் வகுப்புத் தோழர். இன்னொருவர் ஆத்தூர்க்காரர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு அண்ணன். மூன்று பேருக்கும் கல்லூரி அணிதான் பேச்சு. வீட்டில் இவ்வளவு பேசினால் விரட்டிவிடுவார்கள்.

"உசரம் வேணும்ப்பா" என்று கண்டக்டர் ஆரம்பிப்பார். "வத்தலக்குண்டுக்காரய்ங்களப் பாரு. ரிங்குக்குக் கீழ நின்னு கைய நீட்டுனாப் போதும், பந்து அவிய்ங்க கைக்குத்தான் வருது. நம்ம பயலுகளுக்குத் துள்ளித் துள்ளியே மூச்சு வாங்குது."

"உசரத்த வச்சு ஒட்டடையா அடிக்கப் போறீங்க?" என்பார் பாய். "தூரத்துல நின்னு போட ஒரு ஷூட்டர் இருந்தாப் போதும்ணே. ரிங்குக்குக் கீழ எம்புட்டுப் பெரிய ஆளு நின்னா என்ன, பந்து அவன் தலைக்கு மேலதான போவுது?"

நான் இரண்டு பேரையும் நம்புவதில்லை. எனக்கு அணியைவிட அணியின் கதைகள்மேல்தான் சந்தேகம். எங்கள் அணியைப் பற்றி அப்போது ஒரு பெரிய கதை இருந்தது. சொந்த மைதானத்தில் இரண்டாம் பாதியில் எங்களை யாரும் ஜெயிக்க முடியாது. அதற்குக் காரணம் பாலசமுத்திரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையன். அணியில் மற்றவர்கள் ரிங்குக்கு அருகில் போய்த்தான் பந்து போடுவார்கள். இவன் ஒருவன்தான் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று அடிக்கிறவன். முதல் பாதியில் சுமாராக ஆடுவான். இடைவேளை முடிந்து மேடைப் பக்கத்து ரிங்குக்கு மாறியதும் பந்து பந்தாக உள்ளே விழும். "சூடு ஏற நேரமாகும் அவனுக்கு" என்று பாய் விளக்கம் சொல்வார். நானும் தலையாட்டுவேன். ஆனால் மனசுக்குள் உறுத்தல்தான். பையனுக்கு ஏறும் சூடு எப்போதும் அந்த ஒரு ரிங்கில் மட்டும் ஏன் ஏற வேண்டும்?

வெளியூர் போனால் கதையே வேறு. அந்த வருடம் மதுரையில் ஒரு ஆட்டம். மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். பையன் எறிந்த ஒன்றுகூட விழவில்லை. டங், டங் என்று ரிங்கில் பட்டுத் தெறித்தது. பாய்க்கு முகம் செத்துவிட்டது. திண்டுக்கல் வந்து இறங்கியதும் சொன்னார்.

"வெல போயிட்டான் மாப்ள."

"ஆதாரம் இல்லாமப் பேசாதீங்க பாய்."

"நான் சொல்றேன் ஆதாரம்" என்றார் கண்டக்டர். முந்தின ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பையனைப் பார்த்தாராம். தனியாக இல்லை. வத்தலக்குண்டு கல்லூரிக் கோச்சுடன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தானாம். "அந்தக் கோச்சப் பாத்துச் சிரிச்சு, கையெடுத்துக் கும்பிட்டு, அப்பறந்தான் பஸ் ஏறுனான். எதிராளி கோச்சுக்குக் கும்பிடு எதுக்கு?"

எனக்கும் திக்கென்றது. மாவட்டக் கல்லூரிகள் போட்டியில் வரப்போகும் ஃபைனல் அந்த வத்தலக்குண்டு அணியோடுதான், எங்கள் மைதானத்தில்.

படிகளில் பேசுவது படிகளோடு நிற்பதில்லை. சில நாட்களிலேயே ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டது. பந்தை எடுத்தாலே பையன்கள் "டீ சாப்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவனுக்கு ஃபைனலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஃபைனல் முடிந்த பிறகு மதுரையில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. அதில் இடம் கிடைத்தால்தான் அடுத்த வருடமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஹாஸ்டலில் இருக்கலாம். இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய் அப்பாவோடு தோட்டத்தில் நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் படிகளில் இருந்த எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் பேசினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். விலை போனவன் இப்படியா தவறவிடுவான் என்பதுதான் என் கேள்வி. வேண்டுமென்றே விடுகிறவன் ஒன்றை இடதில் விடுவான், ஒன்றை வலதில் விடுவான், ஒன்றைக் குறைவாகப் போடுவான், நாலில் ஒன்றை உள்ளே போட்டும் காட்டுவான். மதுரையில் இவன் போட்ட பந்தெல்லாம் ரிங்கின் இடது விளிம்பில்தான் பட்டன. ஒன்று தவறாமல் இடது விளிம்பு. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வாஷர் எடுத்துக் கொடுக்கும்போது இது எனக்கு உறைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய தூக்குக்குண்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கொத்தனார்கள் சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அது.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். மேடைப் பக்கத்துப் போஸ்டில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினேன். நூல் நேராக நின்றது. போஸ்ட் நிற்கவில்லை. மேடையை நோக்கி, அதாவது பந்து எறிகிறவனுக்கு இடது பக்கமாக, நாலு விரல் அளவுக்குச் சாய்ந்திருந்தது. ரிங்கும் போர்டும் அதோடு சேர்ந்து நகர்ந்து நின்றன. சும்மா பார்த்தால் தெரியாது. வருடக்கணக்கில் எதிரே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கே தெரியவில்லை.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. போஸ்டின் கழுத்தில் கயிறு உராய்ந்த தடம் இருந்தது. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் பந்தல்காரர்கள் ஷாமியானாக் கயிற்றை அதில்தான் இழுத்துக் கட்டுவார்கள். நான் படித்த காலத்திலிருந்து பார்க்கிறேன். காற்றடிக்கும்போதெல்லாம் பந்தல் போஸ்டை இழுத்திருக்கிறது. மைதானத்தின் மறுமுனையில் சாயங்காலமானால் கல்லூரி பஸ்கள் வந்து நின்றுவிடும் என்பதால் பயிற்சி எல்லாமே இந்த ஒரு ரிங்கில்தான். பையன் நாள் தவறாமல் இடது பக்கமாக எறிந்து பழகியிருக்கிறான். கோணல் ரிங்குக்கு அவன் கை சரி. நேரான ரிங்குக்கு அந்தக் கை கோணல்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுத்த சந்தேகம்தான் வந்தது. அணியைப் பழக்குகிற பி.டி. சாருக்கு இது தெரியுமா, தெரியாதா? அவர் அறைக்குப் போய்க் குண்டை மேஜைமேல் வைத்தேன். அவர் குண்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"ஃபைனல் முடியட்டும் சார், பாத்துக்கலாம்" என்றார்.

தெரியும்! தெரிந்துகொண்டே, சொந்த மைதானத்தில் ஜெயித்தால் போதும் என்று பையனைக் கோணலாகப் பழக விட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவனப் பத்தி ஊரே பேசுது, நீங்க ஜன்னலப் பாக்குறீங்க" என்று சத்தம் போட்டேன். சத்தத்துக்குப் பையனே வந்து வாசலில் நின்றான். மேஜைமேல் இருந்த குண்டைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"போஸ்ட்டு சாஞ்சிருக்குதுங்ணா. எனக்கும் இப்பத்தானுங்க தெரியும்" என்றான். மதுரை ஆட்டத்துக்கு முன்பே வெளியூர் ரிங் எல்லாம் தனக்கு ஏன் தள்ளித் தெரிகிறது என்று குழம்பிப்போய், அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு வரைக்கும் போயிருக்கிறான். "அவங்க ரிங்குல கொஞ்ச நேரம் போட்டுப் பாத்துக்கட்டுங்களான்னு அந்தக் கோச்சுகிட்டக் கேட்டனுங்க. ஃபைனல் முடியட்டும் தம்பின்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாருங்க."

இவரும் ஃபைனல் முடியட்டும் என்கிறார், அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"இத நிமுத்துனா ஃபைனல்ல உனக்கு ஒண்ணும் விழாது, தெரியும்ல?" என்று பி.டி. சார் கேட்டார்.

"தெரியுமுங்க சார். மதுரையில ரிங்கு நேராத்தான இருக்கும்? அதுக்குள்ள எங் கை நேராவணுமுங்க. நிமுத்தலீன்னா நான் ஃபைனல் ஆடலீங்க."

பி.டி. சார் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஃபைனல் முடியும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது. வெளியே தெரிந்தால் இதுவரை ஜெயித்த ஆட்டமெல்லாம் கேள்விக்கு வந்துவிடும் என்று பயந்தார். மறுநாள் காலையில் கடையிலிருந்து ஸ்பானரும் கடப்பாரையும் கொண்டு போனேன். போஸ்டின் அடித்தகட்டில் இருந்த நட்டுகளைத் தளர்த்தினேன். எந்தப் பந்தல் கயிறு அதைச் சாய்த்ததோ அதே கயிற்றை எதிர்ப்பக்கமாகக் கட்டி பி.டி. சாரும் பையனும் இழுத்தார்கள். தகட்டுக்கடியில் இரும்புத் துண்டு கொடுத்து முடுக்கினேன். நூலும் போஸ்டும் ஒன்றாக நின்றன.

ஃபைனலில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் பாய் படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், இப்போது சூடு ஏறும் என்று. டங். இடது விளிம்பு. டங். மறுபடியும் இடது. பையன் ஒவ்வொரு முறையும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று விழுந்தது. அதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. வத்தலக்குண்டுப் பையன்கள் கோச்சைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"இப்ப என்ன சொல்ற மாப்ள?" என்றார் பாய். அவர் கண் கலங்கியிருந்தது. "சொந்த மண்ணுலயே வித்துட்டான்."

ஃபைனல்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாய்ந்த போஸ்ட், பந்தல் கயிறு, தூக்குக்குண்டு, பையன் கேட்டது, நான் நிமிர்த்தியது எல்லாம். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் என்னைக் கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைக்கும் அளவுக்கு நான் ஏமாளி இல்லை. ஆனால் கண்டக்டர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏம்ப்பா, ஒம் மகளக் கட்டிக் குடுத்தது வத்தலக்குண்டுலதான?"

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லங்கிற. சரி. ஒம் மருமகன் அந்தக் காலேஜ்ல படிச்சவரு, அதான் கேட்டேன்."

பாய் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவனை ஊர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வலித்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டாள்.

அதன்பிறகு படிகளில் நான் தனியாக உட்கார்ந்தேன். பையன் காலையிலும் சாயங்காலத்திலும் வந்து அந்த ரிங்கில் எறிந்துகொண்டே இருந்தான். இடது விளிம்பில் பட்ட பந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. மதுரைத் தேர்வு முடிந்த அன்று கடைக்குப் போன் செய்து, "எடுத்துட்டாங்கண்ணா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். செய்தி எட்டியிருக்கிறது. "அங்க யாரப் பிடிச்சானோ" என்று கண்டக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பாய் உட்காரவில்லை. நேரே மேடைப் பக்கத்துப் போஸ்டுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து புது தூக்குக்குண்டு ஒன்றை எடுத்தார். என் கடையில் வாங்கியது இல்லை. வேறு எங்கோ வாங்கியிருக்கிறார். நூலைப் பிடித்து இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். திருப்தி இல்லை.

பையன் பந்தோடு கோட்டுக்கு வெளியே நின்றான். "செத்த தள்ளிக்கிறீங்களா பாய்?" என்றான். எங்கள் பேச்சு அவனுக்கும் ஒட்டிவிட்டது.

பாய் ஓர் அடி தள்ளி நின்றார். பந்து போனது. ரிங்கில் எங்கேயும் படவில்லை. நெட் மட்டும் சரக்கென்றது.

"இன்னொண்ணு போடு தம்பி" என்றார் பாய். அதுவும் விழுந்தது. இன்னொன்றும் கேட்டார். பிறகு நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்து, விட்டுப்போன பழைய இடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

"இத ஒங் கடையிலயே வாங்கியிருக்கலாம் மாப்ள" என்றார்.