புவனேசன் மேடையேறியது

மலேசியாவின் கூலிம் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சிப்பு சோதிக்கும் புவனேசனை, அவன் ஊரான சுங்கை லாலாங்கில் வேறொரு வேலைக்குத்தான் எல்லாரும் தேடுவார்கள். கோயில் திருவிழாவில் யாருக்காவது அருள் வந்தால், பின்னால் போய் இடுப்பைச் சுற்றிக் கைகோத்து, விழாமல் மெல்லத் தரையில் இறக்குவான். பிறகு நெற்றியில் திருநீறு. அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கிடக்கும். நடிப்பவர்கள் பக்கம் மட்டும் அவன் போவதில்லை. அவர்கள் விழமாட்டார்கள், விழுந்தாலும் இடம் பார்த்துத்தான் விழுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவனைச் சுங்கை பட்டாணிக்கு இழுத்துப் போனவன் ரஃபேல். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன், கித்தார் வாசிப்பவன். கூடவே அவன் தங்கை வனேசா. ஒரு கடைவீட்டு மாடியில் மூன்று ராக் குழுக்கள் வாசிக்க இருந்தன. அதுவரை மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடிவந்த ரஃபேல், தானே எழுதிய தமிழ்ப் பாட்டை அன்றுதான் முதன்முதலாக மேடையேற்றப் போகிறான்.

“மத்தவனுங்க எதுக்கும் கைதட்டுவானுங்க லா. இவ தங்கச்சி, இவ பேச்சு செல்லாது. நீதான்டா சொல்லணும்” என்றான் படியேறும்போது. “நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. இன்னையோட கித்தார மூடி வச்சிடறேன்.”

“எனக்கு உறுமி மேளம்தான்டா தெரியும்.”

“காது இருக்குல்ல? போதும்.”

மாடியில் புவனேசனுக்கு எதுவும் பிடிபடவில்லை. முதல் குழு காது கிழிய வாசித்தது. கூட்டமோ கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துத் தலையாட்டியது. இரண்டாவது குழுவின் பாடகர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பாடினார்.

“கோவிச்சிக்கிட்டாரா?” என்று வனேசாவின் காதில் கேட்டான்.

“இல்லண்ணே, அது ஸ்டைலு.”

பிறகு ரஃபேல் வந்தான். கித்தார் இரைச்சல் சொற்களையெல்லாம் விழுங்கிவிட்டது. ‘பஸ்’ என்பது மட்டும் இரண்டு முறை கேட்டது. இத்தனை பேரில் தமிழ் தெரிந்து தீர்ப்புச் சொல்ல வந்தவன் புவனேசன்தான்; அவனுக்கே விளங்கவில்லை. நல்லா இருக்கு என்றால் பொய். இல்லை என்றால் கித்தார் போய்விடும்.

அப்போது டிரம்ஸ் வேகமெடுத்தது. ரஃபேலின் தலை சுழன்றது, கண் மேலே செருகியது, முட்டி மடங்கியது. புவனேசன் யோசித்ததாக நினைவில்லை. மேடையில் இருந்தான். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து, கித்தார் கிறீச்சிட, மெல்ல இறக்கி, நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டான்.

“டேய், என்னடா பண்ற?” என்றான் ரஃபேல் கண்ணைத் திறந்து.

கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டது. ‘லாகி! லாகி!’ என்று இன்னொரு பாட்டுக்குக் கத்தியது.

நிகழ்ச்சி முடிந்ததும் கீழே, பூட்டிக் கிடந்த கடையின் முன்னால் வனேசா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நெத்திய நல்லா கழுவு. நாளைக்கு பூசையில பாதர் பார்த்தாருன்னா செத்த!”

ரஃபேல் சிரிக்கவில்லை. “அது சும்மா ஆக்‌ஷன்டா. கண்ணாடி முன்னாடி பழகினேன்.”

“இல்ல” என்றான் புவனேசன். “நடிக்கிறவங்ககிட்ட என் காலு போகாது. நீ விழப் பாத்த.”

ரஃபேல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “அப்ப பாட்டு?”

“ஒரு வரிகூட வெளங்கல.”

“நல்லா இருந்துச்சா, இல்லையா? அதச் சொல்லு.”

“தெரியலடா. சத்தியமா தெரியல.”

ரஃபேல் பாதி மூடியிருந்த கித்தார் உறையைத் திறந்தான். படியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் இல்லாமல், மெதுவாக முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். பாட்டில் ‘பஸ்’ வந்தது, இந்த முறை மற்ற சொற்களோடு. புவனேசன் காதைக் கொடுத்துக் கேட்டான். கைகள்தான், பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல், பாதி விரிந்தபடி முன்னால் நின்றன.