பூசை வைக்கிற விரல்

"இந்த விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது" என்று டாக்டர் சொன்னதும் என் அம்மா ஆசுபத்திரியே அதிரும்படி கத்தினாள்.

"அதத் தொடப்பிடாது டாக்டரே! அது பூசை வைக்கதுக்குள்ள வெரலு!"

டாக்டர் மிஷன் ஆசுபத்திரிக்காரர், சீர்திருத்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர்தான். "எங்க சபை ஐயர்மாரு வாயாலதான் ஊழியம் செய்யுதாங்க. ஒம்பது வெரலு இருந்தா ஒங்க மகன் பிரசங்கம் பண்ணமாட்டானா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சுட்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நுனி கறுத்துவிட்டது.

நான் அப்போது இலங்கையில், மலைநாட்டுக் கத்தோலிக்கக் குருமடம் ஒன்றில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மறு வருடம் குருப்பட்டம். தங்கை கல்யாணத்துக்காகக் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி ஊர் வந்திருந்தேன். பூசையில் ஓஸ்தியை, அதாவது அந்த மெல்லிய கோதுமை அப்பத்தை, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டுமே தொடவேண்டும். எழுந்தேற்றத்தில் ஓஸ்தியை உயர்த்திக் காட்டியபின் விரல் கழுவும்வரை அவ்விரண்டையும் பிரிக்கவே கூடாது. விரல் இல்லாதவனுக்குப் பட்டமில்லை. ரோமையில் பாப்பரசரிடமிருந்து விலக்கு வந்தால் உண்டு. வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இதையெல்லாம் லத்தீனில் ஒப்பித்துப் பரீட்சை எழுதியவன்தான் விரலை நசுக்கிக்கொண்டு வந்து நின்றேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப்போட்ட வலையை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பது. எங்கள் ஊரில் இழுக்கிற கயிற்றைத் தாண்டி ஒரு ஆண்பிள்ளை கைவீசிப் போனால் அதைவிட அவமானம் வேறில்லை. நான் அங்கியை மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகும் வழியில், வெள்ளைக் கொக்கு மாதிரி நின்று வேடிக்கை பார்த்தேன். அங்கி போட்ட நாள் முதல் என்னை 'சாமி' என்றுதான் அப்பா கூப்பிடுவார். அன்றைக்கு மீன் நிறைந்து வலையின் மடி கனத்துவிட்டது. கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவருக்கு சாமியும் பூதமும் மறந்துபோயிற்று.

"ஏலே, என்னத்தலே பாத்துட்டு நிக்க? கையக் குடுலே!"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொல்லி முடியாது. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்ததில்தான் தப்பு. கடற்கரையில் பிறந்த எவனும் கயிற்றை விரலில் சுற்றமாட்டான். வழுக்காமல் இருக்கட்டுமென்று நான் சுற்றினேன். புத்தகமே பிடித்துப் பழகிய கைக்கு அந்தப் புத்தி போய்விட்டிருந்தது. ஒரு பெரிய அலை வலையைப் பின்னுக்கு வாங்கியது. மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். என்னால் விட முடியவில்லை.

டாக்டர் கடைசியில் அம்மாவுக்கு இறங்கிவந்தார். கறுப்பு நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "கறுப்பு இதத் தாண்டிச்சுன்னா நான் யாருகிட்டயும் கேக்கமாட்டேன், வெட்டிருவேன். விஷம் ஏறினா கை போவும், அப்புறம் ஆளே போவும்" என்றார். விரல் பிழைத்தாலும் கணு மடங்காது, நீட்டிக்கொண்டே நிற்கும் என்றும் சொன்னார்.

"அப்படின்னா வளைச்சே கட்டுங்க" என்றேன். இடது கையில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, ஓஸ்தி பிடிக்கிற மாதிரி காட்டினேன். "மடங்காமப் போறதா இருந்தா, இப்படியே போவட்டும்."

டாக்டர் அப்படியே ஆகட்டும் என்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, நுனியும் கோடும் வெளியே தெரியும்படி கட்டி முடிக்கும்வரை என் விரலைப் பெருவிரலோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அப்பா பிடித்தார். நான் வலி தாங்காமல் அலறினேன். அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு ஆசுபத்திரியில் இருந்த நாளெல்லாம் அப்பா என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா செபமாலை உருட்டுவாள். எனக்குச் செபம் வரவில்லை, பயம்தான் வந்தது. விரல் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. படித்த படிப்புக்குக் கரையில் வேலையில்லை. கரை வேலையோ எனக்கு மறந்துவிட்டது என்பதை ஊரே பார்த்துவிட்டது.

கறுப்பு கோட்டைத் தொட்டு நின்றது. தாண்டவில்லை. நகமும் நுனிச் சதையும் உரிந்து விழுந்தன. வளைந்த விரல் வளைந்தபடியே தங்கியது.

குருமடத்துக்குத் திரும்பியதும் அதிபர் என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார். மந்திரிக்காத ஓஸ்தி ஒன்றை மேசைமேல் வைத்தார். "எடு" என்றார். எடுத்தேன். "பிட்டுக் காட்டு." பிட்டேன். ஒரு துகள் மேசையில் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். மந்திரித்த ஓஸ்தியில் ஒரு துகள்கூடக் கீழே விழக்கூடாது. "மறுபடி" என்று இன்னொன்றை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிட்டேன். ஒன்றும் விழவில்லை. "போய்ப் படி" என்றார். 

அடுத்த வருடம் பட்டம் பெற்று, எங்கள் ஊர்க் கோயிலில் என் முதல் பூசையை, புதுப்பூசையை, வைத்தேன். நற்கருணை வாங்க ஊரே பீடத்துக்கு முன்னுள்ள கிராதியில் வரிசையாக முழங்காலிட்டது. ஒவ்வொருவரும் கண்ணை மூடி நாக்கை நீட்ட, நான் லத்தீன் செபத்தைச் சொல்லி ஓஸ்தியை நாக்கில் வைத்துக்கொண்டே நகர்ந்தேன். அப்பாவிடம் வந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. ஓஸ்தியையும் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே மறந்துவிட்டார்.

காத்திருந்தேன். பின்னால் வரிசை காத்திருந்தது. செபத்தைப் பாதியில் நிறுத்திக் குனிந்து, "அப்பா, வாயத் தொறங்க" என்றேன்.