சட்டையில்லாத வேண்டுதல்

என் உடம்பு பாதியாகிவிட்டது. தோலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அது பழைய ஆள் திரும்பி வருவான் என்று அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, காடு முழுக்க அவர்கள் பின்னால் சுற்ற வேண்டிய உத்தியோகம். அதைப் பல வருடம் ஜீப்பில் உட்கார்ந்தபடியே சுற்றினேன். நான் ஏறினால் ஜீப் ஒரு பக்கம் சாயும். டிரைவர் மறுபக்கம் இரண்டு பேரை ஏற்றிச் சமன் செய்வார். ஒரு நாள் மூச்சு வாங்கி விழுந்து, சேலத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். டாக்டர் மிரட்டிய மிரட்டலில் அரிசிச் சோற்றை விட்டேன். களியும் கொள்ளும் தின்றேன். மேடு பள்ளமெல்லாம் நடந்தேன்.

இளைத்தால் ஊர் மெச்சும் என்று நினைத்தேன். பழம் பறிக்கிற பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "ஏனுங்க ரைட்டரே, சக்கரைங்களா? முன்னெல்லாம் எப்படி இருந்தீங்க" என்று ஒருத்தி கண்ணையே துடைத்துக்கொண்டாள். முன்னெல்லாம் எனக்கு ரோடு ரோலர் என்று பேர் வைத்தவளே அவள்தான்.

சட்டைக்குள் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. வயிற்றுத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொடை வரைக்கும் இறங்கியிருந்தது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பி மாதிரி நான் என் தோலுக்குள்ளேயே தொளதொளவென்று இருந்தேன். காலையில் அதை அள்ளிப் பேண்டுக்குள் திணித்துப் பெல்ட் போடுவேன். மடிப்புக்குள் வேர்த்து அரிக்கும் என்பதால் பவுடர் கொட்டுவேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்கும். நான் ஓடுவதை நானே பாராட்டிக்கொண்டது போல இருக்கும்.

சிரிக்கலாம்தான். ஆனால் என் மனைவிக்கு அதைக் காட்ட எனக்குப் பயம். அவளுக்கு அருவருத்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. கதவைச் சாத்திக் குளித்தேன், ஸ்வெட்டரோடு தூங்கினேன். எங்கள் மலையில் சித்திரையில் ஸ்வெட்டர் போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நா ஒண்ணு வேண்டிக்கிட்டனுங்க. எந்திரிச்சு வந்தா எங்கூரு மாரியாத்தா கோயல்ல உங்கள உருள வெக்கறேன்னு."

"வேண்டிக்கிட்டது நீயி. நீதான உருளோணும்?"

"பொழச்சது நீங்கதானுங்களே."

ஈர வேட்டியோடு, மேலே துணியில்லாமல், மாரமங்கலத்தில் அவளுடைய சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க நான் கோயிலைச் சுற்றி உருள வேண்டும். களித் தட்டைத் தள்ளிவைத்தேன்.

திருவிழாவன்று காலையில் மச்சினனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். சின்ன வயசானாலும் விவரமான பையன். அவன் பெண்சாதி குழந்தை பெற்றுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவள் வயிறு தொங்கக் கூடாது என்று பழைய நூல் சேலையை இறுக்கிக் கட்டுவார்களே, அதை எடுத்து வந்தான்.

"தீட்டெல்லாம் கழிஞ்சு வெளுத்து வெச்சதுதானுங்க மாமா. மஞ்சத்தண்ணியில நனைச்சுட்டா வேண்டுதல் துணியாட்டவே இருக்கும்."

அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் பம்பரமாகச் சுற்றி நெஞ்சிலிருந்து இடுப்பு வரை அதற்குள் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தால் வயிறே இல்லை. மனைவியிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

எந்தப் பக்கம் சுற்றினால் எந்தப் பக்கம் அவிழும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். கைகளைத் தலைக்கு மேலே கூப்பி நீட்டிப் படுத்தேன். தரை சுடாமலிருக்க மனைவி குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே முன்னால் நடந்தாள். பம்பை மேளம் முழங்கியது. மச்சினன் ஒரு தள்ளுத் தள்ளினான். சில்வர் ஓக் மரம் கீழே போனது, வானம் வந்தது, மண் வந்தது, மறுபடி வானம். மூன்றாவது வானத்தில் வயிறு லேசானது தெரிந்தது. சேலை முனை ஈரத்தரையில் ஒட்டிக்கொண்டு, நான் உருள உருள எனக்குப் பின்னால் பாய் விரிகிற மாதிரி விரிந்துகொண்டிருந்தது. பிடித்து நிறுத்தலாம் என்றால் கூப்பிய கையைப் பிரிக்கக் கூடாது.

பின்னால் வந்த பெண்கள் அந்த மஞ்சள் துணியை மிதிக்காமல் விலகினார்கள். ஒரு கிழவி குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் எல்லாரும் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையை அதன் மேல் கிடத்தி எடுத்தாள். மச்சினன் முகத்தை ஒரு உருளலில் பார்த்தேன். தன் பெண்சாதி வயிற்றுக்கட்டை ஊரே கும்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. சிரிக்கச் சிரிக்கத் தோல் குலுங்கியது. ஒரு பக்கம் நான் புரண்டால் அது கொஞ்சம் பொறுத்து வந்து சேர்ந்தது. தளக் தளக் என்ற அந்தச் சத்தத்துக்கு இன்னும் சிரித்தேன்.

"ஆத்தா எறங்கிட்டா" என்று யாரோ சொன்னார்கள். பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். குலவை போட்டார்கள். தள்ள இன்னும் நாலு பேர் வந்தார்கள். எந்த எஸ்டேட் ஜீப்பிலும் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை.

சந்நிதி முன்னால் நிறுத்தினபோது உலகம் நிற்கவில்லை. மல்லாந்து கிடந்தேன். சேலை ஒரு சுற்றுக்கூட மிச்சமில்லை. தோல் இரண்டு பக்கமும் தரையில் வழிந்து கிடந்தது. மனைவி குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு அவள் இரண்டு பேராகத் தெரிந்தாள். இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

"பாக்காத புள்ள" என்றேன்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வயிற்று மடிப்பை ஒரு கையால் தூக்கி, முந்தானையால் உள்ளே அப்பியிருந்த மண்ணைத் துடைத்தாள். ஒன்றை முடித்து அடுத்த மடிப்பைத் தூக்கினாள். வெயிலுக்குக் காயப்போட்ட துணியைப் புரட்டுகிற மாதிரி, சாதாரணமாக.

"நா ஆத்தாகிட்ட ஆளத்தானுங்க கேட்டேன். தோலப் பத்தி நாங்க ஒண்ணும் பேசிக்கலீங்க" என்றாள். "எத்தன நாளைக்கு ஸ்வெட்டரோட படுப்பீங்கன்னுதான் பாத்துட்டு இருந்தேன். நொம்பப் பொறுமைங்க உங்களுக்கு."

எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் ஆத்தா கணக்கில்தான் எழுதினார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழைக்காற்று அடித்தது, உடம்பு சிலிர்த்தது. சட்டை அவள் பையில்தான் இருந்தது. மஞ்சக்குட்டை வரும்வரை நான் அதைக் கேட்கவில்லை.